ஓவியத்துக்கு வாக்களித்த ஊர்

பாசல் என்றதும் எம்மவரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓவியமோ சிற்பமோ அல்ல. சுவிற்சர்லாந்துக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துக் கைரேகை பதித்த ஊர் என்றுதான் அந்தப் பெயர் எங்கள் வீடுகளில் பேசப்படுகிறது. ஒரு பையும் ஒரு கடதாசித் துண்டுமாக அங்கே சில நாட்கள் தங்கியவர்கள், பின்பு வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே வேலை தேடி, பிள்ளை குட்டியோடு வாழ்ந்து வருகிறோம். பாசலுக்குத் திரும்பிப் போக வேண்டிய தேவை எமக்கு வரவில்லை. போனாலும் ஒரு கலியாண வீடு, ஒரு செத்த வீடு, அல்லது எல்லை தாண்டி ஜேர்மனியில் மலிவாகச் சாமான் வாங்குவது என்ற அளவோடு சரி.

அந்த ஊரில் ஒரு நாளை ஓவியம் பார்ப்பதற்கென்றே செலவிடுவோம் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை. காரணம் பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் இளைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சுவிற்சர்லாந்தில் பொதுவிடத்தில் உள்ள ஒரு கலைப்படைப்பைப் பார்த்து, அது எப்படி அங்கு வந்தது என்று எழுத வேண்டும். "பாசலுக்குப் போவம், அங்க தண்ணிக்குள்ள இரும்புப் பொம்மையள் விளையாடுது" என்றான். அண்டை வீட்டுக் குடும்பமும் சேர்ந்துகொண்டது. எழுபத்தெட்டு வயது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேர்ண் புகையிரத நிலையத்தில் ஏறினோம். கட்டுச்சோறும் பிளாஸ்கில் தேநீரும் கைவசம் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மணித்தியாலப் பயணம். பாசல் நிலையம் நெருங்கும்போது தண்டவாளத்தின் ஓரச் சுவர்களைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இளைஞர்கள் தெளிவர்ணத்தால் வரைந்த எழுத்துகளும் முகங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறைந்திருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக இந்தச் சுவர்கள் ஐரோப்பாவின் சுவரோவியக்காரர்களிடையே பெயர்பெற்றவை. "சுவரை ஊத்தையாக்கி வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அம்மம்மா. பேரனோ யன்னலில் முகத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். ஊருக்குள் நுழைவதற்கு முன்னரே கலை பற்றிய விவாதம் தொடங்கிவிட்டது.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஏஷன்பிளாட்ஸ் என்ற சந்தி வருகிறது. ட்ராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த இடத்தில் 13 மீற்றருக்கும் மேல் உயரமான கறுப்பு உருவம் ஒன்று நிற்கிறது. தட்டையான இரும்பு மனிதன். ஒரு கையில் சுத்தியல். அந்தக் கை மெல்ல மேலே போய் மெல்லக் கீழே இறங்குகிறது; மீண்டும் மேலே போகிறது. அமெரிக்கச் சிற்பி ஜொனதன் பொரொவ்ஸ்கி செய்த 'சுத்தியல் மனிதன்' 1989ஆம் ஆண்டிலிருந்து இங்கே நிற்கிறான். இவனுடைய சகோதரர்கள் பிராங்பேர்ட், சியாற்றில், சியோல் நகரங்களிலும் நிற்கிறார்கள். உலகெங்கும் கையால் உழைப்பவர்களுக்கான வணக்கம் இது என்பது சிற்பியின் எண்ணம். எங்களோடு வந்த நண்பர் இருபத்தேழு வருடமாக உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவனுக்கும் லீவு இல்லைப் போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தபின் அந்தக் கை ஒருமுறை ஏறி இறங்கும் வரை பேசாமல் நின்றோம்.

அங்கிருந்து சிறு தூரத்தில்தான் பாசலின் கலைக்கூடம், குன்ஸ்ட்மியூசியம், இருக்கிறது. முதல் ஞாயிறாகையால் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க எம்மிடம் பணம் வாங்கவில்லை. இப்போதுள்ள பிரதான கட்டடம் 1936இல் திறக்கப்பட்டது. வீதிக்கு அப்பால் உள்ள புதிய கட்டடம் 2016இல் திறக்கப்பட்டது. முற்றத்தில் பிரெஞ்சுச் சிற்பி றொடானின் 'கலே நகரத்தார்' சிலை நிற்கிறது. முற்றுகையிடப்பட்ட தங்கள் ஊரைக் காப்பாற்ற, கழுத்தில் கயிற்றோடு எதிரி அரசனிடம் உயிரைக் கொடுக்கப் புறப்பட்ட ஆறு பேர். வீரர்கள் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை அவர்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பயமும் துக்கமுமாக நடக்கப் போகிறவர்களைச் சிற்பி உள்ளபடியே காட்டியிருக்கிறார்.

இந்தக் கலைக்கூடத்தின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது. பதினாறாம் நூற்றாண்டில் பாசலில் அமர்பாக் என்ற குடும்பம் இருந்தது. தந்தை பொனிபாசியுஸ், மகன் பசிலியுஸ் இருவரும் சட்டப் பேராசிரியர்கள். ஓவியம், வரைபடம், நாணயம், புத்தகம் என்று அவர்கள் சேர்த்து வைத்தவை பிற்காலத்தில் அம்ஸ்ரடாமுக்கு விற்கப்பட இருந்தன. 1661இல் நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 9,000 தாலர் கொடுத்து அத்தனையையும் வாங்கின. பத்து ஆண்டுகள் கழித்து, 1671இல், சேகரிப்பு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அரசர்களின் அரண்மனைக்குள் ஓவியங்கள் பூட்டிக்கிடந்த காலத்தில் ஒரு நகரம் தன் பொதுப்பணத்தில் வாங்கி வைத்த சேகரிப்பு இது. உலகின் மிகப் பழைய பொது ஓவியச் சேகரிப்பு என்று இதைச் சொல்வது இதனால்தான்.

உள்ளே முதலில் எம்மை நிறுத்தியது ஹான்ஸ் ஹோல்பைன். ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் பிறந்து, 1515 அளவில் பிழைப்புத் தேடிப் பாசலுக்கு வந்த இளைஞர். 1521-22இல் அவர் வரைந்த 'கல்லறையில் கிறிஸ்து' இரண்டு மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் மட்டுமே உள்ளது. ஒரு பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து பார்ப்பதுபோல, மெலிந்த ஓர் உடல் கிடக்கிறது. விரல்கள் கறுத்துவிட்டன. கண்ணும் வாயும் திறந்தபடி. 1867இல் ரஷ்ய எழுத்தாளர் டொஸ்ரோயெவ்ஸ்கி இந்தப் படத்தின் முன் நின்று கலங்கிப்போனார்; பின்னர் 'அசடன்' நாவலில் இந்தப் படத்தையே கொண்டுவந்தார். சின்னவர்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனோம்.

அதைவிட எங்கள் பெண்களைப் பிடித்து வைத்திருந்தது ஹோல்பைனின் இன்னொரு படம். 1528-29 அளவில் தன் மனைவி எல்ஸ்பெத்தையும் இரண்டு பிள்ளைகளையும் அவர் வரைந்தது. சமயச் சீர்திருத்தக் காலம். தேவாலயங்களில் படம் வைப்பதே பாவம் என்று பலர் சொல்லத் தொடங்கினர். 1529இல் பாசல் தேவாலயங்களின் சிலைகளும் படங்களும் உடைத்து எரிக்கப்பட்டன. ஓவியருக்கு வேலை இல்லாது போய்விட்டது. அவர் ஏற்கெனவே 1526இல் ஒரு தடவை இங்கிலாந்து போய்ச் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியிருந்தார். அந்த இடைவெளியில் மனைவி பிள்ளைகளோடு தனித்திருந்தாள். அவர் திரும்பி வந்து வரைந்த படத்தில் அவளுடைய கண்கள் சிவந்து களைத்திருக்கின்றன. பிள்ளைகளும் சிரிக்கவில்லை. 1532இல் அவர் மீண்டும் லண்டன் போனார். ஆண்டுக்கு உதவித்தொகை தருகிறோம், திரும்பி வா என்று பாசல் நகரசபை கேட்டும் அவர் அங்கேயே குடியிருந்து, அரசன் எட்டாம் ஹென்றியின் ஓவியராகி, 1543இல் லண்டனில் இறந்தார். குடும்பம் பாசலிலேயே இருந்தது.

"இவரும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்றார் நண்பரின் மனைவி. அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கணவர் வந்து ஆறு வருடத்துக்குப் பின்புதான் அவர் பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு அறையில் பாசலிலேயே பிறந்த ஆர்னோல்ட் பொக்லின் (1827-1901) வரைந்த 'இறந்தோர் தீவு'. இருண்ட நீரில் ஒரு சிறு தோணி, அதில் வெள்ளைத் துணி போர்த்த உருவம், எதிரே பாறையும் நெடிய மரங்களும். இதை அவர் ஐந்து தடவை வரைந்தார். 1880இல் வரைந்த முதலாவது இங்கே உள்ளது.

நவீன ஓவிய அறைகளுக்கு வந்தபோது பிள்ளைகளுக்குச் சொல்ல எமக்கு ஒரு கதை இருந்தது. ஹிட்லரின் ஆட்சி புதிய ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று சொல்லி ஜேர்மனியின் நூதனசாலைகளிலிருந்து பிடுங்கி எறிந்தது. சிலவற்றை வெளிநாட்டுப் பணத்துக்கு விற்றது. 1939இல் பாசல் கலைக்கூடத்தின் அப்போதைய இயக்குநர் கெயோர்க் ஷ்மிட், மாநிலம் ஒதுக்கிய 50,000 பிராங்குடன் 21 படைப்புகளை வாங்கினார். பிரான்ஸ் மார்க் 1913இல் வரைந்த 'விலங்குகளின் விதி'யும், கொகொஷ்காவின் 'காற்றின் மணமகள்' என்ற பெரிய படமும் அப்படித்தான் இங்கு வந்தன. இந்தப் பணம் நாசிகளின் கைக்கல்லவா போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. படங்கள் தப்பின என்பதும் உண்மை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 1942 ஓகஸ்டில், இதே நாடு தன் எல்லையை மூடி, உயிருக்குத் தப்பி வந்த யூதர்களைத் திருப்பி அனுப்பியது. அந்த எல்லை இந்த அறையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. படத்துக்குக் கிடைத்த அடைக்கலம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னோம். ஒரு நாட்டை நேசிப்பதென்றால் அதன் நல்லதையும் கெட்டதையும் தெரிந்துகொண்டு நேசிக்க வேண்டும்.

இனி, இந்த ஊரை நாம் மறக்க முடியாமல் செய்த கதைக்கு வருகிறோம்.

ஸ்டேஹெலின் என்ற பாசல் குடும்பத்துக்குச் சொந்தமான சில அருமையான ஓவியங்கள் கலைக்கூடத்தில் இரவலாக வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் குளோப் எயார் என்ற விமான நிறுவனத்தின் பெரும் பங்காளர். 1967 ஏப்பிரல் 20ஆம் திகதி அந்த நிறுவனத்தின் விமானம் சைப்பிரஸ் தீவில் விழுந்து 126 பேர் இறந்தனர். நிறுவனம் நொடித்துப்போக, பணம் தேவைப்பட்டது. இரவலாகத் தொங்கிய இரண்டு பிக்காசோ ஓவியங்கள் விலைக்கு வந்தன. 1906இல் வரைந்த 'இரு சகோதரர்கள்', 1923இல் வரைந்த 'அமர்ந்திருக்கும் கோமாளி'. இரண்டுக்கும் சேர்த்து 84 இலட்சம் பிராங். வெளிநாட்டுக்குப் போய்விடும் நிலை.

மாநில சட்டசபை 60 இலட்சம் கொடுக்கச் சம்மதித்தது. மீதி 24 இலட்சத்தை மக்கள் திரட்ட வேண்டும். 1967 நவம்பர் 25ஆம் திகதி பாசல் வீதிகளில் 'பிச்சைக்காரர் திருவிழா' ஒன்று நடந்தது. மாணவர்களும் கலைஞர்களும் வியாபாரிகளும் தெருவில் இறங்கி, பாடியும் ஆடியும் சாப்பாடு விற்றும் உண்டியல் குலுக்கினார்கள். பிள்ளைகள் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேவையான தொகை சேர்ந்தது.

ஆனால் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. வரிப்பணத்தில் படம் வாங்குவதா, அந்தப் பணத்தை வயோதிபருக்கும் நோயாளருக்கும் செலவிடலாமே என்று சிலர் கேட்டனர். கையொப்பம் திரட்டிப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். நியாயமான கேள்விதான், நாமும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. 1967 டிசம்பர் 17ஆம் திகதி முடிவு வந்தது. ஏறத்தாழ 32,000 பேர் வாங்கலாம் என்றும் 27,000 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்திருந்தனர். பாசல் நகர மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது அதற்கு முந்திய ஆண்டில், 1966இல்தான். நாட்டு மட்டத்தில் பெண்கள் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பாசல் பெண்கள் தம் புதிய உரிமையைப் பயன்படுத்திய முதல் வாக்கெடுப்புகளில் ஒன்று பிக்காசோவுக்கானது.

இந்தச் செய்தி தெற்குப் பிரான்சில் இருந்த பிக்காசோவின் காதுக்குப் போனது. அப்போது அவருக்கு 86 வயது. கலைக்கூட இயக்குநர் பிரான்ஸ் மையரைத் தன் வீட்டுக்கு அழைத்து, தன் படைப்புகளில் நான்கைப் பாசலுக்குப் பரிசாகக் கொடுத்தார். பாசல் சீமாட்டி மாயா சாஹர் தன்னிடமிருந்த இன்னொரு பிக்காசோவை அன்பளித்தார். இரண்டைக் காப்பாற்றப் புறப்பட்ட ஊருக்கு ஏழு கிடைத்தன.

அந்த 'இரு சகோதரர்கள்' முன்னால் நாம் நின்றோம். செம்மண் நிறப் பின்னணியில் அண்ணன் தம்பியை முதுகில் சுமந்து நிற்கிறான். அவ்வளவுதான் படம். தம்பியைச் சுமந்து நடந்தவர்களுக்கு அந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை.

கதை இதோடு முடியவில்லை. அதே ஸ்டேஹெலின் சேகரிப்பைச் சேர்ந்த கோகானின் புகழ்பெற்ற தாகித்தித் தீவுப் பெண்கள் படம் ஒன்றும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இங்கே இரவலில் தொங்கியது. 2015இல் விற்பனைச் செய்தி வந்தது. 21 கோடி டொலர் அளவுக்கு விலைபோய் அது பாசலை விட்டுப் போய்விட்டது. இரவலாக இருந்தது எத்தனை வருடம் இருந்தாலும் ஒரு நாள் போகும். மக்கள் தங்கள் வாக்கால் தங்களுடையதாக்கியது இன்றும் சுவரில் இருக்கிறது. வதிவிட அனுமதி அட்டையை வருடாவருடம் புதுப்பித்த எமக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே விளங்கியது.

வெளியே வந்து, தியேற்றர் சதுக்கத்தில் மகனின் 'இரும்புப் பொம்மைகளை'க் கண்டோம். ஜோன் ரிங்கெலி 1925இல் பிறைபூர்க்கில் பிறந்து பாசலில் வளர்ந்தவர். சிறுவயதில் காட்டு ஓடையில் சின்னச் சின்ன நீர்ச்சில்லுகள் செய்து, அவை சுற்றும்போது தகரத்தில் தட்டி ஒலி எழுப்பும்படி வைத்தவர். கடை யன்னல் அலங்கரிக்கும் வேலை பழகினார். பின்னர் பாரிஸ் போய்ப் பழைய இரும்பில் அசையும் இயந்திரச் சிற்பங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். 1960இல் நியூயோர்க் நவீன கலைக்கூடத்தின் தோட்டத்தில் தன்னைத்தானே உடைத்து அழித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார்.

பாசலின் பழைய நாடக அரங்கு 1975இல் இடிக்கப்பட்டது. அதன் மேடை இருந்த இடத்திலேயே, அந்த மேடையின் பழைய இயந்திரப் பாகங்களைக் கொண்டு, 1977இல் ரிங்கெலி இந்த நீருற்றைச் செய்தார். முழங்கால் அளவும் ஆழமில்லாத தடாகம். ஒன்று தண்ணீரைச் சல்லடையால் அள்ளுகிறது. அள்ளியது முழுக்க ஒழுகிப்போகிறது. சலிக்காமல் மீண்டும் அள்ளுகிறது. ஒன்று தலையை ஆட்டுகிறது. ஒன்று எல்லாப் பக்கமும் பீச்சி அடிக்கிறது. நடிகர்கள் போன பின்பும் மேடைச் சாமான்கள் தாமாகவே கூத்தாடுவது போல. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் எங்கள் உறவினர்களின் பெயர் வைத்தார்கள். யார் யாருக்கு எது என்று இங்கே எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும்.

கட்டுச்சோற்றை அங்கேயே முடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் பெரிய தேவாலயச் சதுக்கத்துக்குப் போனோம். நாம் போனது வெறும் ஞாயிறு. ஆனால் பாஸ்நாக்ட் காலத்தில் இந்தச் சதுக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு ஊரின் விளக்குகள் முழுவதும் அணைக்கப்படும். இருட்டில் மேளமும் சிறு குழலும் முழங்க, மிகப்பெரிய விளக்குக் கூடுகள் தெருவில் வரும். மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி, உள்ளூர் ஓவியர்கள் அந்த ஆண்டு நடந்தவற்றைக் கிண்டல் செய்து வரைந்திருப்பார்கள். திங்கள் மாலையிலிருந்து புதன் காலை வரை அவை எல்லாம் இந்தச் சதுக்கத்தில் கண்காட்சியாக வைக்கப்படும். பார்க்கப் பணம் இல்லை. 2017இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயர்பெற்ற ரிங்கெலியும் இந்தத் திருவிழாவுக்கு ஒரு சாதாரண பாசல்காரராக உடுப்பும் முகமூடியும் செய்து கொடுத்தவர். ஊர்த் தேருக்குச் சோடனை செய்யப் பெரிய கலைஞனும் வரவேண்டும் என்பது எமக்குத் தெரியாத விடயமா?

தேவாலயத்தின் பின்புறம் படியிறங்கினால் றைன் நதி. அங்கே கம்பியில் கொழுவிய தோணி ஒன்று மோட்டர் இல்லாமல், ஆற்றின் இழுவையாலேயே மறுகரைக்குப் போகிறது. அம்மம்மாவுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்தது அதுதான். ஓட்டுபவர் துடுப்பும் போடாமல் தோணி போவதைப் பார்த்து, "கெட்டிக்காரர்" என்று சான்றிதழ் கொடுத்தார். மறுகரையில் ஆற்றோரமாக மேல்நோக்கி அரை மணித்தியாலம் ஆறுதலாக நடந்தால் ரிங்கெலி நூதனசாலை. மாரியோ பொத்தா கட்டியது, 1996இல் திறக்கப்பட்டது. 1991இல் ரிங்கெலி இறந்தபின், அவர் மனைவியும் சிற்பியுமான நிக்கி டு சான் பால் கொடுத்த படைப்புகளே இதன் அடித்தளம்.

இங்கே தொடாதே, ஓடாதே என்ற பேச்சுக் குறைவு. பொத்தானை மிதித்தால் இயந்திரங்கள் ஆடுகின்றன. பிள்ளைகள் ஏறி நடக்கக்கூடிய பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. அவர்களை அதில் விட்டுவிட்டு நாம் இருட்டான ஓர் அறைக்குள் போனோம்.

1986 ஓகஸ்டில் ரிங்கெலி வாழ்ந்த நெய்ருஸ் கிராமத்தில் அயல்வீட்டுப் பண்ணை ஒன்று எரிந்து சாம்பலானது. கருகிய வளைகள், உருகிய கருவிகள், விலங்குகளின் எலும்புகள் ஆகியவற்றை அவர் எடுத்து வந்தார். நடுவில் அந்தப் பண்ணையின் சோளம் வெட்டும் இயந்திரம். அதில் 'மெங்கலே' என்று பெயர் பொறித்திருந்தது. அவுஷ்விட்ஸ் முகாமில் மனிதர்களை வதைத்த வைத்தியரின் குடும்ப நிறுவனம் செய்த இயந்திரம். இவற்றை இணைத்து அவர் செய்த 'மெங்கலே மரண நடனம்' அந்த அறையில் மெல்ல அசைகிறது. கிரீச்சிடுகிறது. சுவரில் பெரிய நிழல்கள் நகர்கின்றன.

அம்மம்மா ஒரு நிமிடம் நின்றார். பிறகு திரும்பி வெளியே போய்விட்டார். பேரன் பின்னால் ஓடினான்.

"என்ன அம்மம்மா, பயமா?"

"பயமில்லை ராசா. எரிஞ்ச வளையைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேணுமே?"

அவருடைய வீடு எரிந்தது பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் தெரியும். நாமும் அதை அதிகம் பேசுவதில்லை. ஆற்றைப் பார்த்த வாங்கில் இருந்தபடி அன்று அவர் பேசினார். வீடு எரிந்த பின் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தது. கிணற்றடித் துலா மட்டும் நின்றது. சாம்பலுக்குள் தேடி எடுத்த வெண்கலக் குத்துவிளக்கு ஒரு பக்கம் உருகிச் சரிந்திருந்தது. அதை ஆருக்குக் காட்டுவது என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தது. கடைசியில், "அந்த மனுசன் எடுத்து வைச்சிருக்கிறான். நான் விட்டிட்டு வந்திட்டன்" என்றார். நாற்பது வருடமாக எமக்குச் சொல்லாத குத்துவிளக்கு அது.

அவர் திரும்பவும் அந்த அறைக்குள் போகவில்லை. போக வேண்டுமென்று நாமும் கேட்கவில்லை. மகன் மட்டும் தன் வரைதற் கொப்பியை எடுத்து, சரிந்த விளக்கு எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு வரைந்தான். "இன்னும் கொஞ்சம் சரி, திரி வைக்கிற இடம் இப்பிடி இல்லை" என்று அவர் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலைக்கு நீருற்றைப் பற்றித்தான் எழுதினான். அந்தப் படம் இப்போது எங்கள் சாமியறையில் இருக்கிறது.

இன்னும் பார்க்க வேண்டியவை இருந்தன. ஆறாம் இலக்க ட்ராமில் ஏறினால் றீகன் என்ற இடத்தில் 1997இல் திறந்த பையலர் கலைக்கூடம். அங்கே மொனேயின் அல்லிக்குளம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் 1970 முதல் நடந்துவரும் ஆர்ட் பாசல் என்னும் பெரும் ஓவியச் சந்தை. உள்ளே போகும் ரிக்கற் விலை அதிகம், ஆனால் நகரின் பொதுவிடங்களில் வைக்கப்படும் படைப்புகளைச் சும்மாவே சுற்றிப் பார்க்கலாம். அடுத்த முறை என்று வைத்துக்கொண்டு புகையிரதம் ஏறினோம்.

வாசகர்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறோம். நூதனசாலை, ஓவியக்கூடம் எல்லாம் வெள்ளைக்காரரின் இடம், எமக்கென்ன வேலை என்று நாமும் பல வருடம் இருந்தோம். ஆனால் அந்தப் பிக்காசோவை வாங்கியது பெரும் பணக்காரர் அல்ல; வரி கட்டியவர்களும் உண்டியலில் காசு போட்டவர்களும்தான். இன்று நாமும் வரி கட்டுகிறோம். பாசல் நகர மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு இன்றும் வாக்கு இல்லை. என்றாலும் எம்மவரில் பலர், முக்கியமாக எம் பிள்ளைகள், இப்போது இந்த நாட்டுக் குடிமக்கள். வருடத்தில் சில தடவை வாக்குச் சீட்டுள்ள உறை வீட்டுக்கு வருகிறது. பல வீடுகளில் அது விளம்பரக் கடதாசியோடு குப்பைக்குப் போகிறது. எங்கள் வீட்டிலும் போயிருக்கிறது.

பாசலால் வந்த அடுத்த கிழமை அப்படியொரு உறை வந்தது. மூத்த மகள் அதை மேசையில் வைத்துப் பிரித்தாள். எங்கள் ஊரின் பள்ளிக்கூடக் கட்டடம் பற்றிய ஒரு சிறு விடயம். அவள் வாசித்துச் சொல்ல, அம்மம்மா உட்பட எல்லோரும் இருந்து கேட்டோம். வாக்கு அவளுக்கு மட்டும்தான். ஆனால் கதைத்தது முழு வீடும்.